வானலிக்கு எத்தனை சுழி

வாணலிக்கு மூன்று சுழி ண. இதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. முப்பத்தொரு வருஷமாக அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறவர். பள்ளிக்கூடப் பாடப் புத்தகமோ மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற சீட்டோ, எதுவானாலும் அவருடைய சிவப்புப் பேனா பட்ட பிறகுதான் வெளியே போகும். ‘உணவுக்குப் பின்’ என்பது ‘உணவுக்குப் பேன்’ என்று அச்சுக்குப் போக இருந்ததைக் கடைசி நிமிஷத்தில் பிடித்து, இருபதாயிரம் நோயாளிகளைப் பேன் தின்னாமல் காப்பாற்றியவர்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே, அவர் மூக்குக்குக் கீழேயே, ஏழு வருஷமாக ஒரு வாணலி ரெண்டு சுழியோடு காய்ந்துகொண்டிருந்தது.

காய வைத்தவள் அவர் மனைவி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையைக் காட்டி, “இந்த வரி தெரியுதா? அடுத்தது?” என்று கேட்க வேண்டும். “எழுத்து தெரியுதான்னு கேக்கறது என் வேலை, எழுத்து சரியான்னு கேக்கறது இவர் வேலை. நடுவுல குடும்பம் நடக்குது” என்பாள்.

பிள்ளைகள் இல்லாத வீடு. எந்தச் சமையல் குறிப்பைப் பார்த்தாலும் ‘நான்கு பேருக்கு’, ‘ஆறு பேருக்கு’ என்றே இருக்கிறது. ரெண்டு பேருக்கு வகுத்தால் முட்டை ஒன்றரை வருகிறது. அரை முட்டையை எப்படி உடைப்பது என்று ஒருநாள் எரிச்சலில் ஆரம்பித்தாள். வலைப்பூவுக்கு ‘ரெண்டு பேர் சமையல்’ என்று பெயர் வைத்தாள். முதல் பதிவை அடித்துக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் வந்து நின்று, இரண்டாம் வரி முடிவதற்குள் சொன்னார்:

“வாணலிக்கு மூணு சுழி.”

“ரெண்டு போதும். சீக்கிரம் சூடாகும்.”

“விளையாடாதே. டண்ணகரம் அது. ரெண்டு சுழி போட்டா பொருளே இல்ல.”

அவள் மடிக்கணினியை மூடி அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். “இதோ பாருங்க. ஊர்ல இருக்கிற காகிதம் எல்லாம் உங்களுது. இந்த ஒரு பக்கம் என்னுது. படிச்சா திருத்துவீங்க. திருத்தினா எழுத மாட்டேன். படிக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அவள் எழுதுவாள், யார் யாரோ பதில் போடுவார்கள், அவளுடைய போன் ‘டிங்’ என்னும், அவள் படித்துத் தனக்குள் சிரிப்பாள், அவர் கூடத்தில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார். நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் இப்படியே போயின.

பிறகு பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பன்னிரண்டாம் நாள் வீடு பெரிசாகிவிட்டது.

போன் மட்டும் நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்து தினமும் சார்ஜ் போட்டார். அது தினமும் ‘டிங்’ என்றது. அக்கா, வெங்காயத்தை நீளமா நறுக்கணுமா பொடியாவா? அக்கா, ஊருக்குப் போயிருக்கீங்களா? அக்கா, மறந்துட்டீங்களா எங்களை?

அவளுடைய தங்கை தையல் கடை வைத்திருக்கிறவள். பேச்சையும் நூல் மாதிரி இழுத்துக் கத்தரிப்பாள்.

“அத்தான், அதுல ஒரு வரி போட்டுடுங்க. பாவம், இன்னும் அவகிட்டயே கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

“எழுதறேன்.”

“நான் வேணா எழுதட்டுமா?”

“நீ எழுதினா ஒற்று விட்டுடுவே.”

“துக்கச் செய்தியில ஒற்றை யார் பார்க்கப் போறா?”

“நான்.”

ஒரு வரிதான். அதை இருபத்து மூன்று நாள் திருத்தினார். ‘காலமானார்’ என்று எழுதினார். எந்தக் காலம், இறந்தகாலமா என்று அடித்தார். ‘மறைந்தார்’ என்று எழுதினார். ஒளிந்துகொண்டவள் மாதிரி இருந்தது, அடித்தார். உண்மையில் சொல் ஒன்றும் குற்றம் செய்யவில்லை. அந்த வரி போய்விட்டால் அப்புறம் யாரும் அவளை ‘அக்கா’ என்று கூப்பிட மாட்டார்கள். இந்த உலகத்தில் அவளை இன்னும் நிகழ்காலத்தில் கூப்பிடுகிறவர்கள் அந்தப் போனுக்குள்தான் இருந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ‘கரிஞ்ச கரண்டி’ வந்தாள். அது அந்த வாசகி வலைப்பூவில் வைத்துக்கொண்ட பெயர்.

‘அக்கா, நாளைக்கு மதியம் மாமியார் சாப்பிட வர்றாங்க. உங்க உருளைக்கிழங்கு வறுவலை மூணு தடவை பண்ணிட்டேன். மூணு தடவையும் சுவரொட்டி ஒட்டற பசை மாதிரி வருது. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. குடும்ப மானம் உங்க கையில இருக்கு.’

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். நிமிர்த்தினார். அதற்குப் பதில் அவருக்குத் தெரியும். இந்த உலகத்தில் சமையலில் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது. நறுக்கிய கிழங்கைத் துடைக்கும் துண்டைப் பிடித்தது அவர் கைதானே!

‘நறுக்கியதைக் கழுவி, துண்டில் பரப்பி, ஈரம் போக ஒற்றி எடுங்கள். மூடி போடாதீர்கள். உப்பு கடைசியில்’ என்று அடித்தார். ஒருமுறை படித்துப் பார்த்தார். பிழை இல்லை. அழுத்தினார்.

மனைவி பெயரில் போய்விட்டது. அவளுடைய போன் அல்லவா?

மறுநாள் ‘டிங்’: ‘அக்கா! மாமியார் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க! நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லல. சொன்னா வாய் கோணிக்கும்னு ஜோசியர் சொல்லியிருக்கார் போல. ஆமா, நேத்து என்ன அவ்ளோ இலக்கணமாப் பேசினீங்க? என் மேல கோவமா?’

அவர் சிரித்துவிட்டார். காலி வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு அவரே திரும்பிப் பார்த்தார்.

திருட்டு மாங்காயில் ஒரு கடி கடித்தவன் மரத்தைச் சும்மா விடுவானா? அவளைப் போல எழுதலாம் என்று தோன்றிவிட்டது. அவளைப் போல எழுத வேண்டுமானால் அவள் எழுதியதைப் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒப்பந்தத்தை மீறுகிற குற்ற உணர்ச்சியோடு, சட்டைப் பொத்தானெல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்றாவது பதிவிலேயே அவருக்கு வியர்த்தது.

‘வெங்காயம் பொன்னிறமாக வதங்க வேண்டும். வீட்டில் மூணுசுழி இருந்தால், எந்தப் பொன், எத்தனை மாற்று என்று கேட்பார். பதில் சொல்லாமல் கிளறவும்.’

மூணுசுழியா? யார் அது?

‘பட்டாணி ஒரு கை. யார் கை என்று மூணுசுழி கேட்டார். எண்ணிப் பார்த்தோம். என் கைக்கு நாற்பத்தாறு, அவர் கைக்கு அறுபத்திரண்டு. என் கையையே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் எப்போதும் பேனா இருக்கும்.’

‘முட்டை உடைக்க வராதவர்கள் மனம் தளர வேண்டாம். எங்கள் மூணுசுழி ஒருமுறை முட்டையை மேசையில் தட்டினார். மேசை உடைந்தது.’

“மேசை இல்ல! மேசைக் கண்ணாடி! அதுவும் முன்னாடியே விரிசல் விட்டிருந்தது!” என்று காலி அறையில் கத்தினார்.

ஏழு வருஷமாக அவரை உப்பும் மிளகும் போட்டு வறுத்திருக்கிறாள். அவர் குறட்டை, அவர் குடை, அவர் தக்காளியைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கும் விதம், எல்லாம் அங்கே இருந்தது. ஆயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள். ‘மூணுசுழி சௌக்கியமா அக்கா?’ என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரியாத ஊர்களில் அவருக்கு ஆயிரம் சொந்தம்.

அந்தப் பதிவுகள் முழுக்க வானலி, வானலி, வானலி. ஆயிரத்து நூற்றாறு இடம். எண்ணினார்.

திங்கட்கிழமை அச்சகத்தில், பக்கம் அமைக்கிறவரிடம் பேச்சுவாக்கில் சொன்னார். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இது ஒரு வேலையாண்ணே? ‘வானலி’யைத் தேடு, ‘வாணலி’ன்னு மாத்து. ஒரே அழுத்து. ஆயிரத்து நூறும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சுத்தமாயிடும்” என்றார்.

“வேணாம். அவளோட ஒப்பந்தம்.”

“அதான் அண்ணிதான் இல்லையே…” என்று ஆரம்பித்து, பக்கம் அமைக்கிறவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “டீ சொல்லட்டுமாண்ணே?”

நானூற்றுப் பதின்மூன்றாவது பதிவை அவர் எழுதினார். ஏமாற்றாகவே இருந்தாலும் தகவல் பிழை இருக்கக் கூடாது என்று முதலில் சமைத்துப் பார்த்தார். பட்டாணியும் முட்டையும். பிறகு அவள் நடையில் தொடங்கினார்: ‘மூணுசுழி இன்று பட்டாணி உரித்துக் கொடுத்தார். தோலைப் பாத்திரத்திலும் பட்டாணியைக் குப்பையிலும் போட்டார்.’ அது அன்று காலையில் நடந்ததுதான். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் இத்தனை சுகம் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நாலு தடவை மெய்ப்பு பார்த்து, போட்டார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

‘எல்லாரும் ஓடி வாங்க! வாணலிக்கு மூணு சுழி!!’

‘ஐயோ, ஆமா! இது அக்கா இல்ல!’

‘மூணுசுழி கம்ப்யூட்டரைப் பிடிச்சுட்டார் டோய்!’

‘அண்ணா, மரியாதையா எழுந்திரிங்க. அக்காவைக் கூப்பிடுங்க.’

நாற்பது வருஷம் சரியாக எழுதிப் பழகிய கை. அது பாட்டுக்கு மூன்றாவது சுழியைப் போட்டுவிட்டது. யோக்கியன் திருடப் போனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போவான்.

‘அக்காவைக் கூப்பிடுங்க’ என்ற வரியை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘நான்தான். கை தவறிவிட்டது’ என்று பதில் போட்டார். யாரும் நம்பவில்லை. ‘நாங்க நம்பிட்டோம் மூணுசுழி அண்ணா’ என்று பதினேழு பேர் எழுதினார்கள்.

விடுவாரா? அடுத்த பதிவு முட்டைக்கோஸ். இந்த முறை தப்பாக எழுத வேண்டும். ‘வா’ வரை சுலபமாகப் போனது. ‘ன’வுக்கு விரல் இறங்கவில்லை. சூடான அடுப்பில் கை வைக்கச் சொன்ன மாதிரி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். ஒரு பிழை செய்ததும் தைரியம் வந்துவிட்டது. செய்வதைத் திருந்தச் செய் என்று, கண்ணில் பட்ட மூன்று சுழியை எல்லாம் பிடுங்கினார். வென்னெய் உருகியது, கின்னத்தில் என்னெய் எடுத்தாயிற்று, தன்னீர் தெளித்தாயிற்று. போட்டார்.

‘அடக் கடவுளே! அண்ணா, மாட்டிக்கிட்டீங்க! அக்காவுக்கு வாணலி ஒண்ணுதான் தகராறு. தண்ணீர்ல ஒரு நாளும் தப்பினதில்ல.’

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய பதிவுகளைத் திறந்தார். வெண்ணெய் சரியாக இருந்தது. கிண்ணம் சரி. தண்ணீர், எண்ணெய், கண்ணாடி, எல்லாம் மூன்று சுழியோடு, முத்து முத்தாக. நானூற்றுப் பன்னிரண்டு பதிவில் வாணலி மட்டும்தான் தப்பு. பகல் முழுக்க ண வேறு ன வேறு என்று ஊருக்கே பலகையில் காட்டிக்கொண்டிருந்தவள், வீட்டுக்கு வந்து ஒரே ஒரு சொல்லில் மட்டும் எப்படித் தடுக்கி விழுவாள்? மெய்ப்பு பார்க்கிறவனுக்கு இது ஏழு வருஷமாகத் தோன்றவில்லை.

‘டிங்.’ கரிஞ்ச கரண்டி.

‘அண்ணா, அந்த வாணலி ரகசியம் நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா? ஏழு வருஷமா நாங்க வாயை மூடிட்டு இருக்கோம். சரி, மாட்டினது மாட்டினீங்க. முதல் பதிவுக்குக் கீழே போய்ப் படிங்க. அக்கா கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.’

போனார். முதல் பதிவுக்குக் கீழே யாரோ பணிவாக எழுதியிருந்தார்கள்: ‘தோழி, வாணலி என்று இருக்க வேண்டும்.’ அதற்கு அவள் பதில்:

‘தெரியும் தங்கச்சி. எங்க வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து வந்து நாற்காலியில உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். சமையல்கட்டுக்குக் கூப்பிட்டா காது கேக்காது. ஆனா ஃபிரிட்ஜ் கதவுல ‘வானலி கழுவணும்’னு ஒரு சீட்டு ஒட்டினா போதும், மூணாவது சுழி போடப் பேனாவோட எழுந்து வந்துடுவார். வந்தவர் கையில கத்தியோ துண்டோ குடுத்துடுவேன். பேசிக்கிட்டே திரும்பிப் போக மறந்துடுவார். எலிப்பொறிக்குக் கருவாடு, இவருக்கு வானலி. இங்கே மட்டும் சரியா எழுதினா ஒருநாள் எட்டிப் பார்த்து, ‘ஓ, தெரிஞ்சுதான் செய்யறியா’ன்னு கண்டுபிடிச்சுடுவார். அப்புறம் நான் தனியா இல்ல சமைக்கணும்? யாரும் சொல்லிடாதீங்க.’

அதற்குக் கீழே அறுபத்து மூன்று பேர் சத்தியம் செய்திருந்தார்கள்.

அவர் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். ஃபிரிட்ஜ் கதவில் கடைசிச் சீட்டு அப்படியே இருந்தது. ‘வானலி ஊறுது. தேய்க்க வேண்டாம்.’ அதில் ஒரு சிவப்புச் சுழி. அவர் போட்டது. அன்று சாயங்காலம் பேனாவை மூடுவதற்குள் அவள் அவர் கையில் ஒரு கட்டுக் கீரையைத் திணித்தாள். ஆய்ந்து முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. என்ன பேசினார்கள் என்று நினைவில்லை. ஒன்றும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

வாசல் மணி அடித்தது. கொழுந்தியாள், கையில் போனோடு. கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது.

“அத்தான், என்ன கூத்து இது? என் அக்கா பேர்ல நீங்க முட்டைக்கோஸ் வதக்கறீங்களா?”

“ரெண்டே ரெண்டு பதிவுதான்.”

“ஆவி வந்து எழுதினாக்கூட இத்தனை தப்பு பண்ணாது. கின்னமாம், தன்னீராம்! எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.”

“எனக்கும்தான்.”

அவள் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லிட்டா அப்புறம் யாரும் அவளைக் கூப்பிட மாட்டாங்க” என்றார் அவர்.

“இப்பக் கூப்பிடறாங்களே. வர மாட்டான்னு தெரியாமக் கூப்பிடறாங்க. அது மட்டும் நல்லாவா இருக்கு?” இழுத்து வந்த நூலை அவள் வழக்கம்போல் கத்தரிக்கவில்லை. மடிக்கணினியை அவர் பக்கம் நகர்த்தி, “எழுதுங்க அத்தான். நான் பக்கத்துலயே இருக்கேன்” என்றாள்.

இருபத்து மூன்று நாளில் வராத வரிகள் கால் மணி நேரத்தில் வந்தன.

‘இந்த வலைப்பூவை எழுதிய என் மனைவி போன மாதம் ஏழாம் தேதி இறந்துவிட்டாள். கடைசி இரண்டு பதிவுகளும், உருளைக்கிழங்கு பற்றிய பதிலும் நான் எழுதியவை. மன்னிக்க வேண்டும். உருளைக்கிழங்கு மட்டும் சரியான தகவல். இருபது வருஷம் துடைத்த அனுபவம். முட்டைக்கோஸை நம்ப வேண்டாம். அவள் பதிவுகளில் ஓர் எழுத்தையும் நான் தொட மாட்டேன். வானலி வானலியாகவே இருக்கும். மேசை உடையவில்லை, கண்ணாடிதான் உடைந்தது. இப்படிக்கு, மூணுசுழி.’

கொழுந்தியாள் படித்தாள். விரலால் ஒரு சொல்லைத் தொட்டாள்.

“அத்தான், இங்க தப்பா இருக்கு.”

“இல்ல. சரியாத்தான் இருக்கு.”

இரண்டு நாள் போன் ஓயாமல் அடித்தது. ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்பதை எத்தனை விதமாக எழுதலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் எதையும் திருத்தவில்லை. பட்டாணியை எண்ணிப் பார்த்ததாக ஒருத்தி எழுதியிருந்தாள்; அவள் கைக்கு ஐம்பத்தொன்றாம். மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. நாலாம் நாள் நின்றது. ஐந்தாம் நாள் அவர் சார்ஜ் கம்பியைப் பிடுங்கி, நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி செருகினார். அவர் பயந்தது இதற்குத்தான்.

ஆறாம் நாள் சாயங்காலம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, ‘டிங்.’

‘அண்ணா, கரிஞ்ச கரண்டி. ஒரு சந்தேகம். கத்திரிக்காய் வதக்க எவ்ளோ என்னெய் ஊத்தனும்?’

அவர் முதுகு நிமிர்ந்தது. என்னெய்! ஊத்தனும்! ஒரே வரியில் ரெண்டு! கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. தேடிய கை பாதியில் நின்றது. உருளைக்கிழங்கு கேட்டபோது இதே பெண் ஓர் எழுத்துப் பிசகாமல் அல்லவா எழுதினாள்?

தூண்டில் என்று தெரிந்தது. கருவாட்டு வாசனைகூட அடித்தது. தெரிந்தே வாயைத் திறந்தார்.

‘எண்ணெய். ஊத்தணும். இரண்டுக்கும் மூன்று சுழி. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வதக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.’

எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். அவளுடைய கத்திரிக்காய்ப் பதிவை மடிக்கணினியில் திறந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். வாசலோடு போகும் காய்கறி வண்டியில் நேற்று ஏன் வாங்கினோம் என்று தெரியாமல் வாங்கிய கத்திரிக்காய் நாலு இருந்தது. ரெண்டு பேர் சமையலில் பாதி எடுத்தால் தன் அளவு வரும் என்று கணக்குப் போட்டார். பிறகு, கொழுந்தியாள் வந்தாலும் வருவாள் என்று நாலையும் நறுக்கினார்.

கூடத்தில் போன் மறுபடி ‘டிங்’ என்றது. ஈரக் கையோடு போய்ப் பார்த்தார். புது ஆள்.

‘அன்னா, முட்டை வேக எத்தனை நிமிஷம்?’

“அண்ணா!” என்று சமையல்கட்டுக்குத் திரும்பியபடியே கத்தினார். “மூணு சுழி!”

‘டிங்.’ ‘டிங்.’ ‘டிங்.’

“வர்றேன், வர்றேன், இருங்க!”

அடுப்பில் வானலி காய்ந்துகொண்டிருந்தது.